யாருக்காகக் காத்திருக்கிறது உங்கள் கம்ப்யூட்டர்?

மாதத்தின் 20ஆம் தேதி. மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்ய அதுதான் கடைசி நாள். கணக்குப் பிரிவில் ஒரு மேஜை. டேலி திறந்திருக்கிறது, எக்செல்லில் மூன்று ஃபைல்கள், குரோமில் ஜிஎஸ்டி தளமும் வங்கித் தளமும் வாட்ஸ்அப் வெப்பும், பின்னால் அவுட்லுக், அதற்கும் பின்னால் ஆன்டிவைரஸ். எக்செல்லில் ஒரு கிளிக். திரை வெளுத்து, தலைப்பில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வருகிறது. அடுத்த நிமிடம் ‘சிஸ்டம் ஸ்லோ, ரேம் போடணும்’ என்று ஒரு தீர்ப்பு.

ரேம் போட்டால் சரியாகும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஆனால் ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் வரும் தாமதங்களில் பெரும்பாலானவை சக்தி போதாததால் வருபவை அல்ல. ஒரு புரோகிராம் வேறு ஏதோ ஒன்றுக்காகக் காத்து நிற்கிறது: டிஸ்க்குக்காக, இன்னொரு புரோகிராமுக்காக, எங்கோ ஆஃப் ஆகிக் கிடக்கும் பிரிண்டருக்காக, சில நேரம் நமக்காகவே. எதற்காக நிற்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இந்தப் பதிவு விண்டோஸ் 10, 11 இரண்டையும் மனதில் வைத்து எழுதியது. மெனுப் பெயர்கள் அங்கங்கே சற்று மாறலாம்.

முதலில் அடிப்படை. பத்துப் புரோகிராம்கள் திறந்திருந்தாலும் ஒரு பிராசசர் கோர் (பிராசசருக்குள் வேலை செய்யும் ஒரு பிரிவு) ஒரு நொடித்துளியில் ஒரு வேலையைத்தான் செய்கிறது. கல்யாணப் பந்தியில் ஒரே சாம்பார் வாளி முப்பது இலைக்கும் சுற்றி வருவது போல, விண்டோஸ் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நேரம் ஊற்றிக்கொண்டே போகிறது. அதன் கடிகாரத் துடிப்பு சாதாரணமாக 15.6 மில்லிசெகண்ட். பின்னணியில் இருக்கும் புரோகிராமுக்கு ஒரு முறைக்கு இரண்டு துடிப்பு, நீங்கள் முன்னால் வைத்திருக்கும் விண்டோவுக்கு ஆறு துடிப்பு. அதனால்தான் பின்னால் எது ஓடினாலும் முன்னால் டைப் அடிக்கும் எழுத்து பெரும்பாலும் உடனே விழுகிறது.

1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் இப்படி இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் தானாக மனமுவந்து இடம் விட்டால்தான் அடுத்ததற்கு முறை வரும். ஒன்று அடம்பிடித்தால் மொத்த மெஷினும் நின்றுவிடும். 1995இல் விண்டோஸ் 95 வந்தபோது, 32 பிட் புரோகிராம்களிடமிருந்து நேரத்தைப் பிடுங்கி அடுத்ததற்குக் கொடுக்கும் அதிகாரத்தை விண்டோஸே எடுத்துக்கொண்டது. ‘ஹேங் ஆனா ரீஸ்டார்ட் பண்ணு’ என்பது அந்த 3.1 காலத்துப் பழக்கம். இன்று ஒரு புரோகிராம் நின்றால் மற்றவை ஓடிக்கொண்டே இருக்கின்றன. பவர் பட்டனை நீள அழுத்துவது அநேகமாக எப்போதுமே அவசரக் குடுக்கைத்தனம்.

‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்றால் என்ன?

மவுஸ் கிளிக், கீபோர்டு எழுத்து, ‘உன்னைத் திரும்ப வரைந்துகொள்’ என்ற கட்டளை எல்லாம் ஒவ்வொரு விண்டோவுக்கும் ஒரு வரிசையில் போய் நிற்கும். அந்த வரிசையை ஒரு புரோகிராம் ஐந்து நொடி எட்டிப் பார்க்கவில்லை என்றால், விண்டோஸ் அதன் கடைசித் தோற்றத்தைப் படம் பிடித்து, வெளுத்த போலி விண்டோவாக முன்னால் நிறுத்துகிறது. செத்துப்போனது என்று இதற்கு அர்த்தமில்லை. ஐம்பதாயிரம் வரியில் விலுக்அப் போட்டுக்கொண்டிருக்கும் எக்செல்லும் அந்த ஐந்து நொடியில் வரிசையைப் பார்க்காது. அதன் மேல் திரும்பத் திரும்பக் கிளிக் செய்வது இன்னும் மோசம். அத்தனை கிளிக்கும் வரிசையில் சேர்ந்து, உயிர் வந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறலாம்.

எண்ட் டாஸ்க் (புரோகிராமை வலுக்கட்டாயமாக மூடுவது) கொடுக்கும் முன் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எஸ்கேப் அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் நேராக வரும். ‘டீடெயில்ஸ்’ பகுதிக்குப் போய், நின்றுபோன புரோகிராமின் வரியில் சிபியு எண்ணை அரை நிமிடம் பாருங்கள். எண் அசைந்தால் வேலை நடக்கிறது; போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். பூஜ்யத்திலேயே நின்றால் எதற்காகவோ காத்திருக்கிறது. அப்போது அந்த வரியில் ரைட் கிளிக் செய்து ‘அனலைஸ் வெயிட் செயின்’ கொடுங்கள். அது எந்தப் புரோகிராமின் முடிவுக்காகக் காத்திருக்கிறது என்பதைச் சில சமயம் பெயர் சொல்லிக் காட்டும். அங்கே பிரிண்ட் சம்பந்தமான பெயர் தெரிந்தால், எக்செல்லை விட்டுவிட்டு பிரிண்டர் பக்கம் போக வேண்டியதுதான்.

இங்கே ஒரு எண் பலரை ஏமாற்றுகிறது. ‘சிபியு வெறும் 13 சதவீதம்தான் காட்டுது, அப்புறம் ஏன் தொங்குது?’ எட்டு லாஜிக்கல் பிராசசர் (விண்டோஸ் கணக்கில் எட்டு வேலைக்காரர்) உள்ள மெஷினில் ஒன்றை மட்டும் முழுதாகப் பிழிந்தால் மொத்தக் கணக்கில் 12.5 சதவீதம், அதாவது 13. நான்கு உள்ள மெஷினில் அதுவே 25. எக்செல் மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) ஒரு பிராசசரில்தான் ஓடும். மீதி ஏழும் சும்மா இருந்தாலும் உதவிக்கு வராது. எண் 12, 13 என்றே ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தப் புரோகிராம் முழு மூச்சில் ஓடுகிறது என்று பொருள். அதிகக் கோர் உள்ள பிராசசர் வாங்கிப் போட்டாலும் இந்த மேக்ரோ ஒரு வினாடிகூட முன்னதாக முடியாது. ஒரு கோரின் வேகம் கூடுதலாக இருந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

எண் பூஜ்யம், வெயிட் செயினிலும் ஒன்றுமில்லை என்றால், ஒரு சின்னப் பெட்டி எங்கோ ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். ‘மாற்றங்களைச் சேமிக்கவா?’, ‘லிங்க்குகளை அப்டேட் செய்யவா?’ போன்ற கேள்விப் பெட்டிகள் மற்ற விண்டோக்களுக்குப் பின்னால் போய் நின்றுவிடும். பதில் வரும்வரை மூல விண்டோ எதற்கும் அசையாது. டாஸ்க்பாரில் எக்செல் ஐகான் மேல் மவுஸை வைத்தால் சிறு படங்களாக வரும் வரிசையில் அந்தப் பெட்டி தனியாகத் தெரியும். இரண்டு மானிட்டர் வைத்திருந்து ஒன்றைக் கழற்றிய பிறகு இது அதிகம் நடக்கும்.

எக்செல்: எல்லா ஃபைலும் ஒரே வீட்டில்

எக்செல் 2013 முதல் ஒவ்வொரு ஃபைலும் தனித்தனி விண்டோவாகத் திறக்கிறது. பார்க்கத் தனித்தனி, உள்ளே எல்லாம் ஒரே புராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரே புரோகிராம். ஆபீஸில் வரும் வினோதமான எக்செல் புகார்களில் பாதிக்கு இதுதான் வேர்.

ஒரு ஃபைலில் மேக்ரோ ஓடினால் மற்ற எல்லா ஃபைலும் உறையும். எண்ட் டாஸ்க் கொடுத்தால் எல்லாம் சேர்ந்து போகும். இதைப் பலரும் பட்டுத் தெரிந்துகொண்டிருப்பார்கள். அடுத்தது அவ்வளவு தெரியாதது: அன்டு வரிசையும் பொதுவானது. ‘சேல்ஸ்’ ஃபைலில் ஐந்து எண்ணை மாற்றிவிட்டு, ‘பேங்க்’ ஃபைலுக்கு வந்து இரண்டை மாற்றி, அங்கே கண்ட்ரோல்+இசட்டை மூன்று முறை அழுத்தினால், மூன்றாவது அழுத்தல் சேல்ஸ் ஃபைலின் கடைசி மாற்றத்தை அழித்திருக்கும். திரை ஒரு கணம் அந்த ஃபைலுக்குத் தாவும். கவனிக்காவிட்டால் அவ்வளவுதான், டேலியாகாத தொகைக்குக் காரணம் தேடி மாலை போய்விடும்.

இதைவிட ஆபத்தானது கணக்கிடும் முறை. பெரிய ஃபைல் வைத்திருப்பவர்கள் ‘கால்குலேஷன் ஆப்ஷன்ஸ்’ போய் ‘மேனுவல்’ என்று மாற்றிச் சேமிப்பார்கள். இந்த அமைப்பு ஃபைலுக்கு உரியதல்ல, எக்செல்லுக்கே உரியது. அன்று முதலில் திறக்கும் ஃபைல் எந்த முறையில் சேமிக்கப்பட்டதோ அந்த முறையில்தான் பின்னால் திறக்கும் எல்லா ஃபைலும் ஓடும். யாரோ அனுப்பிய மேனுவல் ஃபைலைக் காலையில் முதலில் திறந்தால், உங்கள் சொந்த ஃபைலில் எண்ணை மாற்றினாலும் கூட்டுத்தொகை மாறாது. அந்த நிலையில் சேமித்தால் உங்கள் ஃபைலும் மேனுவலாகி, நாளைக்கு அடுத்தவர் மெஷினுக்குப் போகும். சேமிக்கும்போது கணக்கிடும்படி எக்செல்லில் ஏற்கெனவே ஒரு டிக் இருப்பதால், சேமித்த பிறகு தொகை சரியாகிவிடும். அதனாலேயே இது கண்ணில் படாமல் தப்பிக்கிறது. மாட்டிக்கொள்வது சேமிக்காமல் பிரிண்ட் எடுப்பவர். கீழே ஸ்டேட்டஸ் பாரில் ‘கால்குலேட்’ என்ற சொல் தெரிந்தால் உடனே எஃப்9 அழுத்துங்கள். பிறகு ‘ஃபார்முலாஸ்’ மெனுவில் ‘ஆட்டோமேட்டிக்’ என்று மாற்றிச் சேமியுங்கள்.

ஸ்டேட்டஸ் பார் சொல்லும் இன்னொரு சேதியும் உண்டு. இடது கீழ் மூலையில் வழக்கமாக ‘ரெடி’ என்றிருக்கும். ஒரு செல்லுக்குள் கர்சர் துடித்துக்கொண்டிருந்தால் ‘எடிட்’ அல்லது ‘என்டர்’ என்று மாறும். அந்த நிலையில் எக்செல் வெளியிலிருந்து வரும் எந்தக் கட்டளையையும் ஏற்காது. கணக்கு மென்பொருளிலிருந்து ‘எக்செல்லுக்கு ஏற்றுமதி’ கொடுத்தால் அது பிழை சொல்லும், அல்லது இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். ‘எக்ஸ்போர்ட் சில நேரம் வருது, சில நேரம் வரலை’ என்ற புகாருக்கு முதல் சந்தேகம் இதுவாக இருக்கட்டும். எஸ்கேப் ஒரு தட்டு, தீர்ந்தது.

கனமான மேக்ரோ ஓடும்போது வேறு ஃபைலில் வேலை செய்தே ஆக வேண்டும் என்றால் எக்செல்லைத் தனியாக இரண்டாவது முறை திறக்க வேண்டும். ஆல்ட் கீயை அழுத்திப் பிடித்தபடி எக்செல் ஐகானைக் கிளிக் செய்து, ‘புதிய இன்ஸ்டன்ஸ் தொடங்கவா?’ என்ற கேள்வி வரும்வரை விரலை எடுக்காதீர்கள். ‘யெஸ்’ கொடுத்தால் புதிய எக்செல் தனிப் புராசஸாக வரும். தேவையான ஃபைலை அதன் ‘ஓப்பன்’ மெனு வழியாகத் திறக்க வேண்டும். ஃபோல்டரில் இரட்டைக் கிளிக் செய்தால் பழைய எக்செல்லுக்கே போய்விடலாம். இதற்கு ஒரு விலையும் உண்டு. இரண்டு இன்ஸ்டன்ஸுக்கு இடையே காப்பி செய்தால் ஃபார்முலா போகாது, வெறும் மதிப்பு மட்டும் போகும். ஒன்றிலிருந்து மற்றதில் கிளிக் செய்து லிங்க் கொடுக்கவும் முடியாது. ‘பெர்சனல்’ மேக்ரோ ஃபைல் வைத்திருப்பவர்களுக்கு அது ஏற்கெனவே திறந்திருக்கிறது என்ற எச்சரிக்கை வரும். ‘ரீட் ஒன்லி’ கொடுத்துப் போகலாம்.

எல்லாவற்றையும் மூடிய பிறகும் டாஸ்க் மேனேஜரில் எக்செல் பெயர் தெரிகிறதா? வேறொரு மென்பொருள் எக்செல்லை மறைவாகத் திறந்து, அறிக்கை எடுத்துவிட்டு, மூடாமல் போயிருக்கும். அந்த மறைந்த எக்செல் ஒரு ஃபைலைப் பிடித்து வைத்திருந்தால், நீங்கள் திறக்கும்போது ‘இன்னொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார்’ என்று உங்கள் பெயரையே காட்டும். திரையில் எக்செல் விண்டோ எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அந்த வரியை மட்டும் எண்ட் டாஸ்க் செய்யலாம். நெட்வொர்க் ஃபோல்டரில் உள்ள ஃபைல் என்றால், அதே ஃபோல்டரில் ~$ என்று தொடங்கும் மறைந்த குட்டி ஃபைல் ஒன்று இருக்கும். திறந்தவர் பெயரை எழுதி வைக்கும் ஃபைல் அது. கரண்ட் போய் எக்செல் பாதியில் செத்தால் இது அப்படியே தங்கிவிடும். யாரும் திறந்திருக்கவில்லை என்று தெரிந்த பிறகு அழித்துவிடலாம். சர்வருக்குள் போக அனுமதி இருப்பவர் ‘கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட் > ஷேர்டு ஃபோல்டர்ஸ் > ஓப்பன் ஃபைல்ஸ்’ பார்த்தால் யார் பிடித்திருக்கிறார் என்று தெரியும். அங்கிருந்து வலுக்கட்டாயமாக மூடினால் அந்த ஆள் சேமிக்காதது போய்விடும். ஒரு போன் போட்டுக் கேட்பது நல்லது.

ரேம் போதுமா என்று எப்படித் தெரியும்?

டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ் > மெமரி’. 8 ஜிபி போட்ட மெஷினில் 75 சதவீதம் நிரம்பியிருந்தால் பதற வேண்டாம். பார்க்க வேண்டியது ‘அவைலபிள்’ என்ற எண். உபரி ரேமை விண்டோஸ் சும்மா விடாது. சமீபத்தில் திறந்த ஃபைல்களை அதில் வைத்துக்கொள்ளும், வேறு யாராவது கேட்டால் விட்டுக்கொடுக்கும். அந்த உபரியும் ‘அவைலபிள்’ கணக்கில்தான் வரும். அவைலபிள் சில நூறு எம்பிக்குக் கீழேயே நாள் முழுக்கக் கிடந்தால் உண்மையான நெருக்கடி.

உறுதி செய்ய ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ திறந்து மெமரி பகுதியில் ‘ஹார்ட் ஃபால்ட்ஸ்’ வரைபடத்தைப் பாருங்கள். ரேமில் இருக்க வேண்டிய பக்கத்தை டிஸ்க்கிலிருந்து எடுத்துவர வேண்டியிருந்த தடவைகளின் எண்ணிக்கை அது. ஒரு புரோகிராமைத் திறக்கும்போது துள்ளுவது இயல்பு. ஒரு விண்டோவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் துள்ளி, நிமிடக்கணக்கில் உயரத்திலேயே நின்றால், ரேம் வாங்கச் சொல்லும் தீர்ப்பு சரி.

வாங்கும் முன் அதே மெமரி பக்கத்தில் ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ பாருங்கள். ‘1 ஆஃப் 2’ என்றால் பழையதைக் கழற்றாமல் இன்னொரு துண்டு போடலாம். கடைக்காரரிடம் அங்கே காட்டும் ஸ்பீடையும், டிடிஆர்4ஆ டிடிஆர்5ஆ என்பதையும் சொல்ல வேண்டும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத ஆபீஸ் மெஷினில் ஒரே 16 ஜிபி துண்டைவிட இரண்டு 8 ஜிபி துண்டு நல்லது. திரைக்கான வேலையும் அந்த ரேமில்தான் நடக்கிறது, இரண்டு பாதை கிடைக்கும்.

‘கமிட்டட்’ என்று இரண்டு எண் இருக்குமே, அதில் இரண்டாவது எண் ரேமும், அதற்குத் துணையாக டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைலும் சேர்ந்தது. முதல் எண் அதைத் தொட்டால், ரேம் காலியாக இருந்தாலும் ‘மெமரி போதவில்லை’ என்று புரோகிராம்கள் விழும். ‘எஸ்எஸ்டி (சுழலாத புதுவகை டிஸ்க்) தேய்ந்துவிடும்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு பேஜ் ஃபைலை ஆஃப் செய்து வைத்த மெஷின்களில் இதைப் பார்க்கலாம். அதை விண்டோஸ் பொறுப்பிலேயே விடுங்கள். ‘மெமரி கிளீனர்’ வகைப் புரோகிராம்களையும் தூக்கிவிடுங்கள். ரேமில் இருப்பதை வெளியே தள்ளிவிட்டு ‘2 ஜிபி மீட்டோம்’ என்று பெருமை பேசும்; அடுத்த கிளிக்கில் தள்ளியதையெல்லாம் திரும்ப எடுத்துவர வேண்டும்.

எக்செல் மட்டும் மெமரி இல்லை என்று அழுகிறது, மற்றவை நன்றாக ஓடுகின்றன என்றால் ‘ஃபைல் > அக்கவுன்ட் > அபவுட்’ போய் 32 பிட்டா என்று பாருங்கள். 32 பிட் எக்செல், ரேம் 32 ஜிபி இருந்தாலும் 4 ஜிபிக்கு மேல் தொடாது. பழைய பதிப்புகளில் அந்த எல்லை 2 ஜிபிதான்.

பிரவுசர் தனிக் கதை. குரோமுக்குள் ஷிஃப்ட்+எஸ்கேப் அழுத்தினால் அதற்கென்றே ஒரு டாஸ்க் மேனேஜர் வரும்; எந்தத் தாவல் எவ்வளவு தின்கிறது என்பதைப் பெயரோடு காட்டும். நாள் முழுக்கத் திறந்து கிடக்கும் மெயில், வாட்ஸ்அப் தாவல்கள்தான் பெரும்பாலும் மேலே இருக்கும். ‘மெமரி சேவர்’ ஆன் செய்தால் தொடாத தாவல்களைத் தூங்க வைக்கும். நல்லதுதான், ஆனால் ஜிஎஸ்டி, வங்கி, வருமான வரித் தளங்களை ‘எப்போதும் விழித்திருக்கட்டும்’ பட்டியலில் சேர்த்துவிடுங்கள். தூங்கிய தாவலுக்குத் திரும்பினால் பக்கம் புதிதாக லோடாகும். லாகின் அதற்குள் காலாவதியாகியிருந்தால் கேப்சாவிலிருந்து தொடங்க வேண்டும்.

டிஸ்க் 100%, வேகம் அரை எம்பி

இன்னும் பல ஆபீஸ்களில் சுழலும் ஹார்ட் டிஸ்க் ஓடுகிறது. காலை ஒன்பதரைக்கு எல்லோரும் ஆன் செய்ததும் பதினைந்து நிமிடம் ஒன்றும் நகராது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம். ஆனால் கீழே வேகம் பார்த்தால் நொடிக்கு அரை எம்பி, ஒரு எம்பி. கணக்கு இதுதான். நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட், தேடும் தகவல் தலைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, 4.2. தலை இடம் மாற இன்னொரு 8 அல்லது 9. ஆக ஒரு தேடலுக்கு ஏறக்குறைய 12 மில்லிசெகண்ட், நொடிக்கு 80 தேடல். ஒவ்வொன்றிலும் 4 கேபி எடுத்தால் நொடிக்கு 320 கேபிதான்! ஒரே பெரிய ஃபைலைக் காப்பி செய்யும்போது நொடிக்கு 100 எம்பி கொடுக்கும் அதே டிஸ்க், ஆன்டிவைரஸ், அப்டேட், அவுட்லுக், எக்செல் நான்கும் நான்கு மூலைக்கு இழுக்கும்போது இந்த நிலைக்கு வந்துவிடுகிறது. மல்டிடாஸ்கிங்கில் முதலில் மண்டியிடுவது பிராசசரோ ரேமோ அல்ல, இந்த டிஸ்க்தான். காசு ஒரு பொருளுக்குத்தான் இருக்கிறது என்றால், ஹார்ட் டிஸ்க் உள்ள மெஷினுக்கு ரேமுக்கு முன்னால் எஸ்எஸ்டி வாங்குங்கள்.

அதுவரை சமாளிக்க: டாஸ்க் மேனேஜரில் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில் தானாகக் கிளம்பும் புரோகிராம்களில் வேண்டாதவற்றை ‘டிஸேபிள்’ செய்யுங்கள். டிஜிட்டல் கையெழுத்துக்கான புரோகிராமையும் ஆன்டிவைரஸையும் விட்டுவிட்டு மீட்டிங் மென்பொருள், மியூசிக், பிரிண்டர் உதவியாளர் போன்றவற்றை நிறுத்தலாம். விண்டோஸ் தன் பராமரிப்பு வேலைகளை அதிகாலை 2 மணிக்கு வைத்துக்கொள்ளும். இரவில் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போகும் ஆபீஸில் அது நடக்காது. பிறகு பகலில் நீங்கள் மெஷினைத் தொடாமல் இருக்கும் நேரம் பார்த்து, அநேகமாகச் சாப்பாட்டு இடைவேளையில், ஆரம்பிக்கும். சாப்பிட்டுவிட்டு வந்ததும் ஸ்லோவாக இருப்பது அதனால்தான். வாரம் ஒரு நாள் இரவு மெஷினை ஓடவிட்டுப் போனால் இந்தப் பாக்கி தீரும், யுபிஎஸ் தாங்குமென்றால்.

பிரிண்டர்

டீஃபால்ட் பிரிண்டர் நெட்வொர்க்கில் எங்கோ இருந்து, அது ஆஃப் ஆகியிருந்தால், பிரிண்டே கொடுக்காவிட்டாலும் எக்செல்லும் வேர்டும் திணறும். பக்கம் எங்கே முடிகிறது, மார்ஜின் எவ்வளவு என்று அந்தப் பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரைத்தான் கேட்கின்றன. ஃபைல் திறக்கவே அரை நிமிடம் ஆகிறது, ‘பேஜ் லேஅவுட்’ தொட்டால் உறைகிறது என்றால் முதலில் டீஃபால்ட் பிரிண்டரை ‘மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்’ என்று மாற்றிப் பாருங்கள். செட்டிங்ஸில் ‘டீஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே நிர்வகிக்கட்டும்’ என்பதையும் ஆஃப் செய்ய வேண்டும். இல்லையென்றால் கடைசியாக எதில் பிரிண்ட் எடுத்தீர்களோ அதற்கே மாறிக்கொண்டிருக்கும். இதே காரணத்தால்தான் ஆஃப் ஆன சர்வரின் மேப் செய்த டிரைவ் இருந்தால் ‘சேவ் ஆஸ்’ பெட்டி வரவே நேரமெடுக்கிறது.

கியூவில் சிக்கிய பிரிண்ட் டெலீட் ஆகாமல் ‘டெலீட்டிங்’ என்றே நின்றால் பிரிண்டரை ஆஃப் ஆன் செய்வது பயன் தராது. ஃபைல் உங்கள் மெஷினில்தான் மாட்டியிருக்கிறது. ‘சர்வீசஸ்’ திறந்து ‘பிரிண்ட் ஸ்பூலர்’ வரியில் ‘ஸ்டாப்’. பிறகு சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று உள்ளே போய் அந்தக் கடைசி ஃபோல்டருக்குள் இருப்பதை எல்லாம் அழியுங்கள்; ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள். திரும்ப வந்து ‘ஸ்டார்ட்’. அட்மின் அனுமதி வேண்டும். மற்றப் பிரிண்டர்களுக்கு நிலுவையில் இருந்ததும் சேர்ந்து போய்விடும் என்பதால் முன்கூட்டியே பக்கத்து மேஜையில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ஷட் டவுன் செய்தும் 19 நாள் ஓடியிருக்கிறது

டாஸ்க் மேனேஜரில் ‘சிபியு’ பக்கத்தில் ‘அப் டைம்’ பாருங்கள். தினமும் மாலை ஷட் டவுன் செய்யும் மெஷினில்கூட பத்து நாள், இருபது நாள் என்று காட்டும். பொய் இல்லை. விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி இருக்கிறது. ஷட் டவுனில் உங்கள் புரோகிராம்கள் மூடப்படும். ஆனால் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலும் டிரைவர்களும் இருந்த நிலை டிஸ்க்கில் எழுதப்பட்டு, காலையில் அப்படியே திரும்ப ஏற்றப்படும். டிரைவரில் வந்த கோளாறு மறுநாளும் கூடவே வரும். உண்மையான புதுத் தொடக்கம் ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான். வாரம் ஒரு முறை ரீஸ்டார்ட் போதும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிரந்தரமாக நிறுத்த ‘கண்ட்ரோல் பேனல் > பவர் ஆப்ஷன்ஸ்’ உள்ளே பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் அந்த டிக்கை எடுக்கலாம். ஹார்ட் டிஸ்க் மெஷினில் எடுக்காதீர்கள், காலைத் தொடக்கம் இன்னும் நீளும்.

நாள்கணக்கில் மூடாமல் விட்ட ஒரு புரோகிராமில் மட்டும் மெனு கறுப்பாகிறது, பட்டன் காணாமல் போகிறது என்றால் அது வேறு விஷயம். திரையில் வரையும் பேனா, எழுத்துரு, படம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜிடிஐ ஆப்ஜெக்ட் வேண்டும். ஒரு புராசஸுக்கு வழக்கமான உச்சவரம்பு 10,000. சரியாக எழுதப்படாத புரோகிராம்கள் வாங்கியதைத் திருப்பித் தராமல் சேர்த்துக்கொண்டே போகும். டாஸ்க் மேனேஜர் ‘டீடெயில்ஸ்’ பகுதியில் காலம் தலைப்பின் மேல் ரைட் கிளிக் செய்து ‘ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ்’ சேர்த்துப் பாருங்கள். 9,000 தாண்டி நின்றால் அந்தப் புரோகிராமை மட்டும் சேமித்து மூடித் திறந்தால் போதும். மெஷினில் எவ்வளவு ரேம் இருந்தாலும் இந்த எல்லை மாறாது.

விண்டோ மாறும் இடத்தில்

கம்ப்யூட்டர் சரியாக இருந்தும் மல்டிடாஸ்கிங்கில் வரும் தவறுகள் பெரும்பாலும் எந்த விண்டோ முன்னால் இருக்கிறது என்பதில்தான். பின்னால் இருக்கும் புரோகிராம் தானாக முன்னால் பாய விண்டோஸ் விடாது. டாஸ்க்பாரில் அதன் ஐகானை மின்ன வைக்கும், அவ்வளவுதான். ஆனால் நீங்களே கிளிக் செய்து திறந்த புரோகிராமுக்கு முன்னால் வர உரிமை உண்டு. அது லோடாக இருபது நொடி எடுக்கிறது என்று இதற்கிடையே வேறு இடத்தில் பாஸ்வேர்டு அடிக்கத் தொடங்கினால் பாதி பாஸ்வேர்டு புதிதாக வந்த விண்டோவில் விழும். அது சாட் பெட்டியாக இருந்து நீங்கள் என்டரும் தட்டியிருந்தால் பாஸ்வேர்டை மாற்ற வேண்டியதுதான்.

ஆல்ட்+டேபில் பிரவுசர் தாவல்களும் கலந்து வந்து குழப்புகிறதா? ‘செட்டிங்ஸ் > சிஸ்டம் > மல்டிடாஸ்கிங்’ போய் தாவல்களைக் காட்ட வேண்டாம் என்று வையுங்கள். இது எட்ஜ் பிரவுசருக்கு. விண்டோஸ்+கண்ட்ரோல்+டி புதிய டெஸ்க்டாப் திறக்கும். விண்டோஸ்+கண்ட்ரோல்+இடது, வலது அம்புக்குறியால் மாறலாம். ரிட்டர்ன் வேலை ஒன்றில், மெயிலும் சாட்டும் இன்னொன்றில் என்று பிரித்தால் கண்ணுக்கு நிம்மதி. மெமரி மிச்சமாகும் என்று மட்டும் எண்ண வேண்டாம். கண்ணில் படாத டெஸ்க்டாப்பில் இருப்பதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

காப்பி செய்தது ஒன்றுதான் நினைவில் நிற்கும் என்பதும் பழைய கதை. விண்டோஸ்+வி அழுத்தி ஒரு முறை ஆன் செய்தால் கடைசி 25 காப்பிகள் பட்டியலாகக் கிடைக்கும். ஜிஎஸ்டி எண், தொகை, இன்வாய்ஸ் எண் மூன்றையும் வரிசையாகக் காப்பி செய்துகொண்டு தளத்தில் வரிசையாக ஒட்டலாம். ரீஸ்டார்ட்டில் அழியும், ‘பின்’ செய்தது மட்டும் தங்கும். பாஸ்வேர்டும் அந்தப் பட்டியலில் உட்கார்ந்திருக்கும் என்பதால் பலர் பயன்படுத்தும் மெஷினில் யோசித்துச் செய்யுங்கள்.

தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி அடிப்பவர்களுக்கு ஒரு அமைப்பு கட்டாயம் வேண்டும். வேர்டில் தமிழ்99இல் கடிதம் அடித்துக்கொண்டிருந்து, எக்செல்லுக்குத் தாவி ஃபார்முலா போட்டால் தமிழ் எழுத்தாக விழும். லாகின் பெட்டியில் என்றால் புள்ளி மட்டும் தெரிவதால் எது விழுந்தது என்றே தெரியாது, மூன்று தடவை தவறினால் கணக்கு பூட்டப்படும் தளங்களும் உண்டு. ‘செட்டிங்ஸ் > டைம் அண்ட் லாங்குவேஜ் > டைப்பிங் > அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ்’ உள்ளே ஒவ்வொரு ஆப் விண்டோவுக்கும் தனி உள்ளீட்டு முறை என்ற டிக் இருக்கிறது. அதைப் போட்டால் வேர்டு தமிழிலும் எக்செல் ஆங்கிலத்திலும் தத்தம் நிலையிலேயே இருக்கும். விண்டோஸ்+ஸ்பேஸ் கொடுத்தால் முன்னால் இருக்கும் விண்டோ மட்டும் மாறும். இது விண்டோஸோடு வரும் தமிழ் கீபோர்டுகளுக்குத்தான். என்எச்எம் ரைட்டர் போலத் தனியாக ஓடும் புரோகிராம்கள் தங்கள் வழியில் போகும். அதில் ஆல்ட்டும் ஒரு எண்ணும் மொழி மாற்றும். எக்செல்லில் ஆல்ட்டும் ஒரு எண்ணும் மேலே உள்ள குவிக் அக்சஸ் பட்டன்களை அழுத்தும். இரண்டில் ஒன்றின் குறுக்குவழியை மாற்றி வைக்க வேண்டும், ரைட்டரின் செட்டிங்ஸில் மாற்றுவது சுலபம்.